அசதிக்கு மாத்திரை இல்லையா, டாக்டர்?

மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர், அவருக்குத் துணையாக இருப்பவர், அங்கே வேலை பார்ப்பவர் என மூன்று தரப்பிலிருந்தும் அசதியைப் பற்றிய கடிதங்கள் இம்முறை வந்திருக்கின்றன. மருந்தில்லாத தளர்வுப் பயிற்சிகளைப் பற்றியே பெரும்பாலோர் கேட்டிருப்பதால், இவ்விதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. மருந்து ஏற்றிய மறுநாளிலிருந்து எழுந்து உட்காரவே முடியவில்லை என்கிறார். நாள் முழுவதும் படுத்தே இருந்தும் அசதி போகவில்லை. சத்து டானிக்கும் குளுக்கோஸும் கொடுத்துப் பார்த்துவிட்டோம். பக்கத்துப் படுக்கை நோயாளியின் மகள், தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒன்று இருப்பதாகச் சொன்னார். அதை அம்மா செய்யலாமா? உண்மையிலேயே பயன் இருக்குமா? இதற்கென்று மாத்திரை எதுவும் இல்லையா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: செய்யலாம், பயனும் உண்டு. ஆனால் அதற்கு முன், அம்மாவின் அசதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதேனும் இருக்கிறதா என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். ஹீமோகுளோபின் 7க்கு இறங்கிவிட்ட ஒருவரை மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொண்டே இரண்டு வாரங்களைக் கடத்துவதில் பொருளில்லை. இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, அடங்காத வலி, இரவில் தூக்கமின்மை, போதாத உணவு, மனச்சோர்வு, வாந்திக்கும் வலிக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளால் வரும் மந்தம் ஆகியவற்றுள் ஒன்றோ இரண்டோ பல நோயாளிகளிடம் கூடவே இருக்கும். அவற்றுக்குத் தனித்தனியே மருத்துவம் உண்டு. டாக்ஸோரூபிசின் போன்ற சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால், அசதியோடு மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ சேர்ந்து வந்தால் அதைக் கீமோவின் வழக்கமான களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூளையைத் தூண்டி விழிப்பைக் கூட்டும் மாத்திரைகளை இந்த அசதிக்கு வழக்கமாக எழுதித் தர வேண்டாம் என்கிறது. மாறாக, சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சி, எண்ணப் போக்கைச் சீராக்கும் உளவியல் சிகிச்சை, மூச்சிலும் உடலிலும் கவனத்தை நிறுத்தும் தியானப் பயிற்சி ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. சிகிச்சை முடிந்தவர்களுக்கு யோகாவையும், உடலின் சில புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷரையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. இதற்கு முன்பே, 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற 113 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய 2017ஆம் ஆண்டின் ஒரு கட்டுரை, புற்றுநோய் அசதியைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் உளவியல் முறைகளும் மருந்துகளைவிட மேலானவை என்று காட்டியிருந்தது. ஆகவே ‘மருந்தில்லாமல்’ என்பதை, வேறு வழியில்லாதபோது தேடும் மாற்றாக நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

புற்றுநோய் அசதிக்கும் வயலில் வேலை செய்துவிட்டு வருபவரின் களைப்புக்கும் வேறுபாடு இருக்கிறது. உழைத்த களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். நோயும் சிகிச்சையும் உடலில் ஏற்படுத்தும் அழற்சி, அதனால் இரத்தத்தில் கூடும் வேதிப்பொருள்கள், குலைந்துபோன தூக்கம், படுத்தே கிடப்பதால் தேய்ந்த தசை, ஓயாத கவலை இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கும் அசதி, படுக்கையில் கிடப்பதால் தீராது; நாள்கணக்கில் படுத்தால் தசை மேலும் தளர்ந்து, அசதி கூடவே செய்யும். தளர்வுப் பயிற்சிகள் இந்தச் சங்கிலியில் கவலை, தூக்கம், தசை இறுக்கம் ஆகிய மூன்று கண்ணிகளைத்தான் தொடுகின்றன. அழற்சியையோ இரத்தசோகையையோ அவை போக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனவே, நடையையும் தளர்வையும் சேர்த்துக் கொடுப்பதே என் பரிந்துரை. மருத்துவர் தடை சொல்லாவிட்டால், வீட்டு முற்றத்திலோ வார்டு வராந்தாவிலோ 5 நிமிட நடையில் தொடங்குங்கள். வாரத்தில் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம் மிதமாக நடப்பது அசதியைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியானது. ஆனால் அது சில வாரங்களில் போய்ச் சேர வேண்டிய இடமே தவிர, தொடங்கும் இடம் அன்று. மருந்து ஏற்றியதை ஒட்டிய சில நாள்களில் அசதி உச்சத்தில் இருந்து, அடுத்த முறை நெருங்கும்போது பெரும்பாலும் குறையும். ஆகவே நடையைப் பின்னிருக்கும் நல்ல நாள்களில் கூட்டிக்கொண்டு, மோசமான நாள்களில் தளர்வுப் பயிற்சியை மட்டும் செய்யலாம். கதிர்வீச்சு தொடங்கும்போது இந்தப் போக்கு மாறும். அந்த அசதி வாரம் செல்லச் செல்லச் சேர்ந்துகொண்டே போகும்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட பயிற்சி, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1929இல் நூலாக வெளியிட்டு உலகறியச் செய்தது. மனம் கலங்கும்போது தசை இறுகுகிறது, தசையைத் தளர்த்தக் கற்றால் மனமும் அடங்கும் என்பது அவருடைய கருத்து. நம்மில் பலருக்குத் தோளும் தாடையும் இறுகியிருப்பதே தெரிவதில்லை என்பதால், முதலில் வேண்டுமென்றே இறுக்கி அந்த உணர்வை அறிந்து, பிறகு விடுவிக்கும் முறை பின்னாளில் பரவலாயிற்று. செய்யும் விதம் எளிது. தலையணையில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு, ஒரு கையை முட்டியாக மடக்கி 5 முதல் 7 விநாடி இறுக்க வேண்டும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, அந்தக் கை கனத்துத் தொய்வதை 20, 30 விநாடி கவனிக்க வேண்டும். அடுத்து மேற்கை, நெற்றி, இமைகள், தாடை, தோள்கள், வயிறு, தொடைகள், கெண்டைக்கால், பாதங்கள் என்று இறங்கி வர வேண்டும். முழுவதும் முடிய 15 முதல் 20 நிமிடம் ஆகும். இறுக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு முழு வலுவையும் காட்டக் கூடாது. பாதி வலு போதும்.

உங்கள் அம்மாவுக்கென்று சில மாற்றங்கள் தேவை. அறுவை செய்த பக்கத்துக் கையையும் மார்பையும் இறுக்க வேண்டாம். அந்தக் கை கனத்துத் தளர்வதாக மனத்தால் நினைத்தாலே போதும். ஊசிக் குழாய் பொருத்தியிருக்கும் கைக்கும் இதுவே விதி. கெண்டைக்காலை வலுவாக இறுக்கினால் குரக்கு வலி பிடித்துக்கொள்ளும் என்பதால், கால் விரல்களை மெல்லத் தன் பக்கம் மடக்கினால் போதும். நோய் எலும்புக்குப் பரவியிருப்பவர்கள் இறுக்கும் பகுதியை அறவே விட்டுவிட்டு, தளர்த்துவதை மட்டும் செய்ய வேண்டும். முதல் வாரத்தில் ஒரு மாற்றமும் தெரியாமல் போகலாம்.

பலன் தெரிகிறதா என்பதை அறிய ஒரு வழி சொல்கிறேன். காலையும் மாலையும் ‘அசதியே இல்லை என்றால் 0, இதைவிட மோசமாக இருக்க முடியாது என்றால் 10, இப்போது எத்தனை?’ என்று கேட்டு, காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். 3 வரை இலேசு. 4 முதல் 6 வரை நடுத்தரம். 7 முதல் 10 வரை கடுமை. மருத்துவரிடம் ‘ரொம்ப முடியலைங்க’ என்று சொல்வதைவிட இந்தத் தாளைக் காட்டுவது அவருக்குக் கூடுதலாக உதவும். 7க்குக் கீழே இறங்காமல் நின்றால் அவரே மறுபடி காரணம் தேடத் தொடங்குவார்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். நலம் விசாரிக்க வரும் உறவினர்கள் நோயாளியின் அசதியில் கணிசமான பங்கு வகிக்கிறார்கள். வந்தவர்களுக்காக எழுந்து உட்கார்ந்து, அதே கதையை ஐந்தாவது முறையாகச் சொல்லி, அவர்களை ஆறுதல்படுத்தி அனுப்பும் வேலை நோயாளியின் தலையில்தான் விழுகிறது. மாலையில் ஒரு மணி நேரம் என்று வரையறுத்துவிடுங்கள். பழி உங்கள் மேல் வரட்டும், அல்லது ‘டாக்டர் சொல்லிவிட்டார்’ என்று என் மேல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். 4 மணி நேரம் முடிந்து வீட்டுக்குப் போனால் அன்று முழுவதும் படுக்கைதான், சில சமயம் மறுநாளும்கூட. காலில் சில புள்ளிகளை அழுத்தினால் அசதி குறையும் என்று கேள்விப்பட்டேன். மெஷினில் இருக்கும்போதே செய்யக்கூடிய பயிற்சி ஏதேனும் உண்டா?
வாசகர், சேலம்

பதில்: அந்த 4 மணி நேரத்தில் இரண்டு நாளாகச் சேர்ந்த நீரும் உப்பும் கழிவும் வேகமாக உடலைவிட்டு வெளியேறுகின்றன. எவ்வளவு நீரை எடுக்க வேண்டியிருக்கிறதோ, அந்த அளவுக்கு இரத்த அழுத்தம் விழுவதும் பிறகு அடித்துப் போட்டாற்போல் கிடப்பதும் கூடும். ஆகவே முதல் சிகிச்சை உங்கள் சமையலறையில் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம் ஆகியவற்றில் உள்ள உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், இரண்டு டயாலிசிஸ்களுக்கிடையே ஏறும் எடை குறையும், எடுக்க வேண்டிய நீரும் குறையும். ஹீமோகுளோபின் அளவு, அதற்கான எரித்ரோபாய்டின் ஊசி, இரவில் கால்கள் குறுகுறுத்துத் தூக்கம் கெடுவது ஆகியவற்றைப் பற்றிச் சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள். ‘டயாலிசிஸ் முடிந்து பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது?’ என்ற கேள்வியை ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலாகவே பயன்படுத்துகிறார்கள். உங்கள் விடை ‘மறுநாள் வரை’ என்பதால், அதை அவரிடம் அதே சொற்களில் கூறுங்கள், கேட்காவிட்டாலும் கூறுங்கள்.

அக்குபிரஷரைப் பொறுத்தவரை, டயாலிசிஸ் நோயாளிகளின் அசதிக்கான முறைகளை மொத்தமாக ஆராய்ந்து 2023இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் அறிக்கை), உடற்பயிற்சி, அக்குபிரஷர், மசாஜ், நறுமண எண்ணெய் ஆகியவை அசதியைக் குறைக்கக்கூடும் என்று கூறுகிறது. ‘கூடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பல ஆய்வுகள் சிறியவை, தரத்தில் குறைந்தவை. ஆனாலும் செலவில்லாதது, கவனமாகச் செய்தால் தீங்கும் இல்லாதது என்பதால் முயன்று பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். அடிக்கடி பயன்படுத்தப்படும் புள்ளிகளில் ஒன்று, முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் அகலம் கீழே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்புறமாக இருக்கிறது. மற்றொன்று உட்பக்கக் கணுக்காலெலும்பின் முனைக்கு நான்கு விரல் அகலம் மேலே, எலும்பை ஒட்டிப் பின்புறம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் சுமார் 3 நிமிடம், வலிக்காமல் ஆனால் அழுத்தம் உணரும்படி அழுத்தி வட்டமாகத் தேய்க்கலாம். துணைக்கு வந்தவர் செய்வதே எளிது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின் மருந்து ஓடுவதால் இரத்தம் எளிதில் கன்றும்; ஆகவே முரட்டு அழுத்தம் ஆகாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் இடம்) உள்ள கையில் அழுத்துவதோ, பிடித்துவிடுவதோ, எண்ணெய் தேய்ப்பதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள், காலில் புண்ணோ இரத்தக்கட்டோ உள்ளவர்கள் இதை விட்டுவிட வேண்டும்.

மெஷினில் இருக்கும் நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில், இரத்த அழுத்தம் நிலையாக இருக்கும்போது, படுத்தபடியே கால்களை மடக்கி நீட்டுவது, பாதங்களை மேலும் கீழும் அசைப்பது போன்றவற்றைச் செய்யலாம். சில மையங்களில் படுக்கையிலேயே மிதிக்கும் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் சரியத் தொடங்கும் இரண்டாம் பாதிக்கு உடலை அசைக்காத பயிற்சியே ஏற்றது. ஹார்வர்டைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் மக்களிடம் கொண்டுசேர்த்த முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு சொல்லையோ சிறு தொடரையோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் அதை மனத்துக்குள் சொல்ல வேண்டும்; வேறு எண்ணம் வந்தால் அதனோடு மல்லுக்கட்டாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்பிவிட வேண்டும்; 10 முதல் 20 நிமிடம். அவ்வளவுதான். அந்தச் சொல் ‘சிவாயநம’வாகவோ ‘மரியே வாழ்க’வாகவோ ‘அல்லாஹ்’வாகவோ ‘அமைதி’யாகவோ இருக்கலாம், தம் நம்பிக்கையோடு ஒட்டிய சொல்லைத் தேர்வது நல்லது என்றே பென்சனும் கூறினார். இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இலத்தீன் மொழியில் செபமாலை சொன்னபோதும் யோக மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 முறையாகக் குறைந்தது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மெதுவான மூச்சு இதயத் துடிப்பை அடக்கும் வேகஸ் நரம்பின் பக்கம் உடலைச் சாய்க்கிறது என்பதால், பாட்டிமார்களின் ஜபமாலைக்கு உடலியல் விளக்கமும் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பயிற்சி முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். டயாலிசிஸும் தளர்வும் சேர்ந்து அழுத்தத்தைத் தாழ்த்தியிருக்கும்; உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, சில நிமிடம் கழித்தே நில்லுங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் 9 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. வார்டில் ஆள் குறைவு. அசதியைப் பற்றி நாங்கள் முறையிட்டதற்கு, நிர்வாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்பு வைத்தது. அதற்கும் விடுப்பு நாளில்தான் வர வேண்டியிருந்தது. இந்தப் பயிற்சிகளால் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது கண்துடைப்பா?
பெயர் வெளியிட விரும்பாத செவிலியர், மதுரை

பதில்: பயிற்சி கண்துடைப்பு அன்று, ஆள் போடுவதற்குப் பதிலாக அதைக் கொடுப்பதுதான் கண்துடைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச் சோர்வைத் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் திருத்தத்தில் விளக்கியபோது, அதை நோய் என்று குறிக்காமல், சரிவர நிர்வகிக்கப்படாத பணியிட அழுத்தத்தால் விளையும் நிலை என்றே குறித்தது. உடம்பின் ஆற்றல் வற்றிப்போவது, வேலையின் மீது வெறுப்போ விலகலோ உண்டாவது, நம்மால் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் வளர்வது ஆகிய மூன்றும் அதன் கூறுகள். காரணம் பணியிடத்தில் இருக்கும்போது, மருந்தை ஊழியரின் மூக்கில் மட்டும் தேடுவது நியாயமாகாது. பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த கணக்கு. உங்கள் வார்டில் ஓர் இரவில் எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர் என்பதைத் தேதி போட்டு எழுதி, அடுத்த முறையீட்டோடு இணையுங்கள்.

நிர்வாகத்தினரும் இப்பகுதியைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு கணக்கைச் சொல்லிவைக்கிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் நிலைக்குத் தாழ்ந்திருந்தது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவதற்கான வரம்பு 0.03 விழுக்காடு. காலையில் எழுந்து, வீட்டு வேலையை முடித்து, பகலில் கண்ணயராமல் இரவு டியூட்டிக்கு வரும் செவிலியர், நள்ளிரவு தாண்டும்போதே இந்த 17 மணி நேரத்தைக் கடந்துவிடுகிறார். அதன்பின்தான் அவர் இன்சுலின் அளவைப் பார்த்து ஊசி போட வேண்டியிருக்கிறது.

இந்நிலையில் எந்தத் தளர்வுப் பயிற்சியும் தூக்கத்துக்கு ஈடாகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரவுப் பணியின் நடுவே, ஒருவர் மாற்றி ஒருவராக 20 நிமிடம் கண்ணயர முடிந்தால் அது எந்த யோகாவையும்விடப் பெரிய உதவி. அரை மணியைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விட்டால், எழுந்தபின் சிறிது நேரம் மூளை மந்தமாக இருக்கும். ஆகவே அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், எழுந்தவுடன் மருந்தளவு கணக்கிடும் வேலையைத் தொடாதீர்கள். டீயிலும் காபியிலும் உள்ள கஃபைனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணி டீ பகல் தூக்கத்தைத் தின்றுவிடும். டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் போகும்போது கண் சொருகினால் ஓரங்கட்டி நிற்பதைவிட, அன்று பஸ்ஸில் போவதே நல்லது.

இதையெல்லாம் சொன்னபிறகும், வார்டுக்குள்ளேயே செய்யக்கூடிய பயிற்சிகளுக்கு ஓர் இடம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களிடையே தளர்வு, தியானம், அசைவுப் பயிற்சி ஆகியவற்றைச் சோதித்த ஆய்வுகள், மன அழுத்தம் ஓரளவு குறைவதையும் அது சில மாதங்கள் நீடிப்பதையும் காட்டுகின்றன. தனி நேரம் ஒதுக்க வேண்டிய பயிற்சி உங்களுக்கு நிலைக்காது என்பதால், ஏற்கெனவே செய்யும் வேலையோடு அதைக் கட்டிப்போடுங்கள். ஆல்கஹால் திரவத்தைக் கையில் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆக வேண்டும் என்பது நீங்கள் அறிந்த விதி. நிமிடத்துக்கு 6 என்ற கணக்கில் ஒரு மூச்சுக்கு 10 விநாடி. ஆக, ஒரு முறை கை தேய்க்கும் நேரத்தில், 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடும் இரண்டு, மூன்று மூச்சுகள் முடிந்துவிடும். ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை கை தேய்க்கிறீர்களோ அத்தனை முறை இதுவும் நடக்கும்; யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ஒப்படைப்புக் குறிப்பை எழுதி முடித்தபின் தோள்களைக் காதுவரை உயர்த்தி, 5 விநாடி நிறுத்தி, தொப்பென்று விடுவதை மூன்று முறை செய்யலாம்.

பகல் தூக்கத்துக்கு முன், அறையை இருட்டாக்கி, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, முதல் பதிலில் சொன்ன இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் படுக்கையில் செய்யுங்கள். பெரும்பாலான நாள்களில் கால் பகுதிக்கு வருவதற்கு முன்பே தூங்கிவிடுவீர்கள். அதில் தவறொன்றும் இல்லை. அசதியோடு காரணமற்ற அழுகை, வேலைக்குப் போவதை நினைத்தாலே நெஞ்சடைப்பு, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை தலைகாட்டினால், மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற, மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் என் கணவருக்குத் துணையாகப் பல நாள்களாக இருக்கிறேன். இரவில் அவர் கட்டிலுக்கு அருகே தரையில் படுக்கிறேன். நோயாளிக்கு இல்லாத அசதி எனக்கு வருகிறது. எனக்கென்று ஏதாவது சொல்லுங்கள்.
வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தைப் போல் இன்னும் நூறு கடிதங்கள் வந்திருக்க வேண்டும், துணைக்கு இருப்பவர்கள் தங்களுக்காகக் கேட்பதில்லை. இரவு நேரத்தில் நோயாளியின் அறையில் ஒலி 30 டெசிபலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பொது வார்டில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரமே அதைத் தாண்டிவிடும். காதில் பஞ்சும் கண்ணின் மேல் மடித்த துண்டும் வைத்துக்கொண்டு படுப்பது சிறிய உதவிதான், ஆனால் உண்மையான உதவி.

அதைவிட முக்கியம், வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் வந்து மாறிக்கொள்வது. ‘நான் இல்லாவிட்டால் அவருக்குச் சரிவராது’ என்று தோன்றும். அவருக்குச் சில மணி நேரம் சிரமமாக இருக்கலாம், நீங்கள் விழுந்துவிட்டால் இருவருக்கும் அதைவிடப் பெரிய சிரமம். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து, மருந்து வாங்கும் அலைச்சல் ஓய்ந்த நேரத்தில், வெளியே மரத்தடியில் 10 நிமிடம் உட்கார்ந்து, மேலே சொன்ன நீண்ட மூச்சையோ மனத்துக்குள் சொல்லும் நாமத்தையோ செய்யுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றுக்கு மாத்திரை இருந்தால் அதை ஒரு நாளும் விடாதீர்கள். கணவரின் மாத்திரையை மணி பார்த்துக் கொடுத்துவிட்டுத் தம் மாத்திரையை மறந்தவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: லாவெண்டர் எண்ணெய் வாசனை அசதியைப் போக்கும் என்கிறார்களே, அப்பாவின் படுக்கையருகே வைக்கலாமா? அவருக்கு நுரையீரல் நோய், ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசையும் சூடாக்கும் கருவியும் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் தீ விபத்துக்கு வழி செய்பவை; முகத்திலும் மூக்கிலும் தைலம் தடவுவதுகூடக் கூடாது. மூச்சுக்குழல் நோய் உள்ளவருக்குக் கடும் வாசனையே இருமலைக் கிளப்பலாம். மூச்சை நீட்டி விடும் பயிற்சியிலும் அவருக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வேண்டாம். மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து, விளக்குச் சுடரை அணைக்காமல் அசைப்பதுபோல் மெல்ல ஊதி விடுவது போதும். அசதியும் மூச்சிரைப்பும் இரண்டுமே அதில் சற்றுக் குறையும். மெல்லிய இசை கேட்பதில் எந்த ஆபத்தும் இல்லை. அவருக்குப் பிடித்த பழைய பாட்டாக இருக்கட்டும், உங்களுக்குப் பிடித்ததாக வேண்டாம்.

கேள்வி: இதய அறுவை சிகிச்சைக்குப் பின் அசதிக்காகத் தியானம் செய்யச் சொன்னார்கள். கண்ணை மூடியதும் படபடப்பு கூடுகிறது. எனக்கு இது ஒத்துவராதா? முறையாக எங்கே கற்றுக்கொள்வது?
வாசகர், புதுச்சேரி

பதில்: சிலருக்குத் தளர்வே படபடப்பை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் அறிந்த ஒன்று. அறுவை சிகிச்சையையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் கடந்து வந்தவர்களுக்கு, கண்ணை மூடி இதயத் துடிப்பைக் கவனிக்கச் சொல்வது பழைய அச்சத்தை எழுப்பிவிடலாம். முதலில் இதயநோய் மருத்துவரிடம் சொல்லி, துடிப்புச் சீராகத்தான் இருக்கிறதா என்பதை ஈசிஜியில் உறுதி செய்துகொள்ளுங்கள். அது சரியென்றால், கண்களைத் திறந்தபடியே, சுவரில் ஒரு புள்ளியையோ விளக்கையோ பார்த்துக்கொண்டு, உள்ளங்கால் தரையில் படுவதை மட்டும் 2 நிமிடம் கவனியுங்கள். நெஞ்சையும் மூச்சையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மெதுவாக நடந்துகொண்டே காலடிகளை எண்ணுவதும் இதே வேலையைச் செய்யும். படபடப்பு தொடர்ந்தால் நிறுத்திவிடுங்கள். எல்லோரும் தியானம் செய்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கற்றுக்கொள்ள, உங்கள் மருத்துவமனையிலேயே இதய மறுவாழ்வுப் பிரிவு இருந்தால் அங்கே தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென்றே அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. எங்கே போனாலும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நெஞ்செலும்பைப் பிளந்து செய்த அறுவையா, எத்தனை வாரமாயிற்று, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற மூன்றையும் ஆசிரியர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். மூச்சை அடக்கும் கும்பகம், வேகமாக மூச்சை உதறும் கபாலபாதி, தலை கீழாக நிற்கும் ஆசனங்கள் ஆகியவற்றைச் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். அவற்றுக்கு உங்கள் இதயநோய் மருத்துவரின் அனுமதி முதலில் வேண்டும்.